கைக்குட்டையில் பிழிந்தது

கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் தெளிந்திருந்தது. மூன்று நாள்களுக்கு முன் விலங்கியல் ஆசிரியை ஜெபஷீலா அதை விட்டுச் சென்றபோது, கூழைப் போலக் கலங்கியிருந்தது.

விலங்கியல் ஆய்வகத்தில் மாலை வெயில் சரிந்துகொண்டிருந்தது; மின்சாரம் இல்லை; ஃபார்மலின் நெடியையும் மீறி, பாசியும் சேறும் கலந்த, கிணற்றின் அடியாழத்திற்கே உரிய ஒரு வாடை மெல்ல மெல்ல அவருடைய புடவை மடிப்புகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

செய்முறைத் தேர்வுக்கு, கல்லில் பாசிபோல் ஒட்டி வளரும் நன்னீர்ப் பஞ்சுயிரி வேண்டுமென்று, காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டத்துக் கிணற்றில் ஆய்வக உதவியாளர் கருத்தக்கண்ணனை இறங்கச் சொன்னவர் ஜெபஷீலாதான். “இந்தப் பாசிய வச்சுக் கொழம்பா வைக்கப் போறீக, டீச்சர்?” என்று சிரித்தபடியே கண்ணன் படியிறங்கினார். நீச்சல் தெரியாது என்பதையும் சிரித்தபடியேதான் சொல்லியிருந்தார்.

மூழ்கிய கண்ணனின் உடலைக் கரையேற்றியவர்கள் வண்டி தேடி ஓடிய இடைவெளியில், மூடியிருந்த அந்த வலக்கையை ஜெபஷீலா பிரித்தார். சுண்டுவிரலில் தொடங்கி, எப்போதோ இயந்திரத்தில் நுனியை இழந்த கட்டைவிரல் வரை, ஒவ்வொரு விரலாக. உள்ளே பச்சைப் பஞ்சுயிரி இருந்தது. குளிக்க இறங்கி மூழ்கியதாகத்தான் ஊர் நம்ப வேண்டும்; குளிக்க இறங்கியவர் கையில் அது இருக்கலாகாது. உண்மை தெரிந்தால் வேலை போய்விடும். அதைவிட, கண்ணனின் மனைவி ராஜாத்தியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். ஆய்வகத்துக்கு வந்து, அதைக் கைக்குட்டையில் பொதிந்து, தொட்டித் தண்ணீருக்குள் பிழிந்தார். துணி இழைகளின் வழியே அது செல் செல்லாகக் கலைந்தது.

ஆண்டுதோறும் வகுப்பில் செய்துகாட்டுவதும் அதுவேதான். பிரிந்த செல்கள் ஊர்ந்து, ஒன்றையொன்று தேடி ஒட்டி, உறைச் செல்கள் வெளியேயும் கசையிழைச் செல்கள் உள்ளேயுமாக, மீண்டும் முழு உயிராகிவிடும். அழிக்க நினைத்தவரின் கைகள் பழகியதையே செய்துவிட்டன.

உள்ளங்கை அரித்தது. பஞ்சுயிரியின் நுண்முட்கள் இன்னும் தோலுக்குள் இருந்தன.

வாசலில் நிழல் விழுந்தது. ராஜாத்தி.

“டீச்சர், அவுக கெணத்துப் பக்கமே போகமாட்டாக. யாரு எறங்கச் சொன்னாக?”

“தெரியலையேம்மா. குளிக்கப் போனாருன்னுதான்…”

“நீங்களும் அங்கன நின்னீகளாமே?”

“நான் அப்பறந்தான் வந்தேன்.”

தொட்டிக்குள் தண்ணீர் அசைந்தது.

ஜெபஷீலா குனிந்தார். அடியில் பச்சையாக ஒன்று. மூடிய கை. கட்டைவிரலுக்கு நுனி இல்லை.

சுண்டுவிரல் விரிந்தது.

மோதிர விரல்.

நடுவிரல்.

ராஜாத்தி அருகில் வந்து நின்றார்.

“ஆத்தா… இது அவுக கையி.”

சுட்டுவிரல்.

கடைசியாகக் கட்டைவிரலும் விலகியது. வெறும் உள்ளங்கை, சொட்டச் சொட்டத் தண்ணீருக்கு மேலே எழுந்து, ஜெபஷீலாவை நோக்கி நீண்டு, காத்திருந்தது.