பேட்டரியைக் குடித்தது யார்

அக்காவும் அத்தானும் பழைய கேம்பர் வேன் ஒன்றை வாங்கி அதிலேயே குடியேறியபோது நான் வாய் வலிக்கத் திட்டினேன். வேனில் படுக்கை, அடுப்பு, துணி மாட்டக் கம்பி எல்லாம் இருந்தன. இவர்களுக்குப் புத்திதான் இல்லை. அத்தான் இதய நோயாளி. எந்த நிமிடமும் ஆஸ்பத்திரிக்குப் பறக்க வேண்டியிருக்கும்.

நான் பயந்தபடியே போன மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா பதறிப்போய் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி செத்துக் கிடந்தது. பக்கத்தில் நின்ற லாரிக்காரர் மட்டும் அவரை அள்ளிப் போட்டுக்கொண்டு போகாமல் இருந்திருந்தால் என் அக்கா இன்று தனிமரம்.

"புது பேட்டரிடா. ராத்திரி ஃபுல்லா சார்ஜ் இருக்கு, காலையில பாத்தா காலி" என்றாள்.

வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பதுதான் என் பிழைப்பு. "எதுவோ திருட்டுத்தனமா கரன்ட் திங்குதுக்கா. பிடிச்சிடலாம், விடு" என்றேன்.

மதிய நேரம். வெளியே மழை. வேனை ஒரு ஷெட்டுக்குள் நிறுத்தியிருந்தாள். அத்தான் ஆஸ்பத்திரியில் இருந்தார். கதவைத் திறந்ததும் ஈரத்துணி வாடை, அதற்கடியில் புளித்த பாலின் வாடை. எல்லா ஸ்விட்சையும் அணைத்தேன். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, நடுவில் கரன்ட் அளக்கும் என் பழைய முள் மீட்டரைக் கோத்தேன். எதுவும் ஓடாத வண்டியில் முள் லேசாக அசைந்தால் சரி.

முள் எகிறியது.

பிறகு இறங்கியது. மறுபடி ஏறியது. தூங்குகிறவர் மூச்சு விடுவதுபோல.

முன்பு இந்த வேனை வைத்திருந்த மகராசன் எல்லாவற்றையும் இந்த ஒரே பேட்டரியில் மாட்டி வைத்திருந்தான். ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ரேடியோ, ஹாரன், தண்ணீர் மோட்டார். முள் தன்பாட்டுக்கு ஏறி இறங்கியது. மிஞ்சியது படுக்கைக்கு மேலே இருக்கும் விளக்கின் ஃப்யூஸ். அந்த விளக்கில் பல்பே கிடையாது.

அதையும் பிடுங்கினேன். முள் பூஜ்யத்தில் விழுந்தது.

வேனுக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

"இருட்டா இருக்கு."

குழந்தையின் குரல். எட்டிப் பார்த்தேன். படுக்கையில் யாருமில்லை.

அக்கா என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

"மறுபடி போட்டுடுடா" என்று கிசுகிசுத்தாள். "பாவம்டா."

"பாவமா? நாளைக்கு அத்தானுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்புறம், "எடுத்துட்டுப் போயிடு" என்றாள். ஃப்யூஸைப் பையில் போட்டுக்கொண்டேன். உள்ளே விசும்பல் வெகுநேரம் கேட்டது. மழை விட்டபோது அதுவும் ஓய்ந்தது.

அதன்பின் சாவியைத் தொட்டாலே வேன் கிளம்பியது. அத்தானுக்கும் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்து வீட்டுக்கு, அதாவது வேனுக்கு, அனுப்பிவிட்டார்கள். நானும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

நேற்று அக்கா போன் செய்தாள்.

"வேன் எப்படிக்கா ஓடுது?"

"வேனுக்கென்ன, ஜம்முனு இருக்கு." குரல் உடைந்தது. "இன்னிக்கு இவருக்கு செக்கப்டா. நெஞ்சுல வெச்ச மெஷினோட பேட்டரி பல வருஷம் வரணுமாம். அதுக்குள்ள தீரப்போகுதாம். டாக்டருக்கே ஒண்ணும் புரியல."

"அக்கா, அந்த வேனை விட்டு இறங்குங்க! இப்பவே! அத்தானைக் கூட்டிட்டு என் வீட்டுக்கு வா!"

"கூப்பிட்டுப் பாத்துட்டேன்டா. படுக்கையை விட்டு அசையவே மாட்டேங்கிறார்."

அவளுக்குப் பின்னாலிருந்து அத்தான் பேசுவது கேட்டது. தாழ்ந்த குரல், ஆனால் அவ்வளவு சந்தோஷமாக அவர் பேசி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"மெதுவா பேசுடி. இப்பத்தான் என் நெஞ்சுமேல தலை வெச்சு தூங்கியிருக்கு."