இழை தளராமல்

தட்டு வெறுமையாகிவிட்டது. பாபின் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் குனிந்து மறுபடி பார்த்தாள். காலையில் அந்தச் சிலிக்கான் தட்டின்மேல், கறுப்பு வெல்வெட்டை விரித்ததுபோல் கார்பன் நானோ குழாய்கள் அடர்ந்து நின்றிருந்தன. உலையின் சூட்டில் கோடிக்கணக்கில் நெட்டுக்குத்தாக வளர்ந்தவை. தலைமுடியைப் பல்லாயிரமாக வகிர்ந்தால் வருகிற மெலிவு ஒவ்வொன்றும். இங்கே வேலை செய்பவர்கள் அதைக் காடு என்பார்கள். காட்டின் ஓரத்தில் ஊசிமுனையை ஒட்டவைத்து மெல்ல இழுத்தால் முதல் வரிசை அடுத்த வரிசையை இழுத்துக்கொண்டு வரும், அது அதற்கடுத்ததை. புகைபோல ஒரு திரை புறப்பட்டு, முறுக்கில் திரண்டு, நூலாகி, நூல் சுற்றும் கட்டையான பாபினில் ஏறும். காடு முழுக்க வந்து தீர்ந்ததும் அடித்தட்டு கண்ணாடி மாதிரி பளபளக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பல்லில் கீரை ஒட்டியிருக்கிறதா என்று அந்த அறையில் எல்லோரும் அதில்தான் பார்த்துக்கொள்வார்கள்.

இப்போது அதில் அவள் முகம் தெரிந்தது. அப்படியென்றால் காடு தீர்ந்துவிட்டது. தீர்ந்த காட்டிலிருந்து நூல் எப்படி வரும்?

"என்ன கைராசி, அழகு பாக்குறியா?" என்று கேட்டபடி உலைக்காரர் வந்தார். காடு வளர்ப்பவர் அவர், அதை நூலாக இழுப்பவள் இவள். மற்றவர்கள் இழுத்தால் பாதியில் அறும். இவள் தொட்டால் கடைசி வரை வரும். அதனால் அந்த இடத்தில் அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில் இல்லை. எல்லோருக்கும் கைராசிதான்.

"அண்ணே, காடு தீந்துபோச்சு. ஆனா நூல் வந்துக்கிட்டே இருக்கு."

"கண்ணுக்குத் தெரியாம ஏதாவது மிச்சம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாததை வச்சுத்தானே நம்ம பொழப்பே ஓடுது" என்று அவர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

சூப்பர்வைசர் வந்து நீளம் காட்டும் திரையைப் பார்த்தார். வாயைத் திறந்தவர் மூடவில்லை. இவ்வளவு நீளத்துக்கு அறாத நூல் அந்த அறையில் இதுவரை வந்ததே கிடையாது. "யாரும் கை வைக்காதீங்க. ராத்திரியும் ஓடட்டும். எங்க போய் நிக்குதுன்னு பாத்துடுவோம்" என்றவர், அவள் பக்கம் திரும்பி, "உன் கைக்கு மோதிரம் போடணும்மா" என்றார். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. வெறும் தட்டின் நினைப்பை அந்தக் குளிர்ச்சியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் மகள் போனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஆறு வயது. வீட்டில் அவள் பெயர் வாலு. பெயர் வைத்தது அப்பா, காரணமானது அவளேதான். அம்மாவின் போனைத் திறக்க அம்மாவின் விரலோடு தன் கட்டைவிரலையும் திருட்டுத்தனமாகப் பதிந்து வைத்திருக்கிற பிள்ளை.

"அம்மா, உன் போன் என்னைத் தெரியாதுங்குது."

"நல்லதாப் போச்சு. போய் வீட்டுப்பாடம் எழுது."

"நேத்து தெரிஞ்சுதே!"

அவள் சிரித்துக்கொண்டே மகளின் கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்தாள். சோப்பு நுரையில் ஊறியதுபோல வழுவழுவென்றிருந்தது. விளக்குக்கு நேரே காட்டினாள். ரேகை இல்லை. மற்ற விரல்களிலும் இல்லை. உள்ளங்கையில் குறுக்கே ஓடும் பெரிய கோடுகள் மட்டும், பாதி அழித்த பென்சில் கோடுகள்போல, மணிக்கட்டை ஒட்டிக் கொஞ்சம் மிச்சமிருந்தன.

"பசையில விளையாடியிருப்பா" என்றான் கணவன், பாத்திரம் கழுவிக்கொண்டே. "ரேகை இல்லைன்னா நல்லதுதான். நாளைக்கு எதைத் திருடினாலும் மாட்ட மாட்டா."

அவள் சிரிக்கவில்லை. மகளைத் தூங்கவைக்கப் படுத்தபோது வழக்கம்போலக் கன்னத்து மச்சத்தில் முத்தம் கொடுக்கக் குனிந்தாள். இடது கன்னம், வாய் ஓரத்துக்குச் சற்று மேலே. பிறந்த அன்றைக்கு நர்ஸ் கையிலிருந்து வாங்கியபோது முதலில் கண்ணில் பட்டது அந்த மச்சம்தான். இப்போது அந்த இடத்தில் வெறும் தோல் இருந்தது. தோல்கூட இல்லை, தோலைவிட வழுவழுப்பான ஏதோ ஒன்று. உதடு பட்டதும் குளிர்ந்தது. முடியில் ஷாம்பு வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது, சூடேறிய இரும்பும் கருகிய தூசியும் கலந்தது. அது நூலறையின் வாசனை. நாள் முழுக்க அங்கே நிற்கிறவளின் மூக்கிலேயே அது தங்கியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். பாபினின் உறுமலும் அப்படித்தான், வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் கொஞ்ச நேரம் கேட்கும், அங்கே வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் பழகியது. ஆனால் இன்றைக்கு அவள் காதைப் பொத்தியபோது உறுமல் நின்றது. கையை எடுத்தபோது மறுபடி கேட்டது. மகளின் தலையணைக்குக் காதைக் கொண்டுபோனால் இன்னும் நன்றாகக் கேட்டது.

மறுநாள் காலை, குழந்தையை இன்றைக்கே டாக்டரிடம் காட்டும்படி கணவனிடம் சொல்லிவிட்டு வேலைக்கு வந்தாள். பாபின் இன்னும் நிற்கவில்லை. ஊரெல்லாம் பார்க்க வருவதுபோல் மற்ற அறைக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் எல்லோரும் கிளம்பி, உலைக்காரரும் கையசைத்துப் போன பிறகு, அவள் அறை விளக்கை அணைத்துவிட்டுக் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தாள். இருட்டில் அப்படிப் பிடித்தால்தான் இழை மினுங்கும்.

பாபினிலிருந்து பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். முறுக்கும் கருவி, வழிகாட்டி வளையம், தட்டு. இழை தட்டில் முடியவில்லை. தட்டைத் தொடாமல் அதன் மேலாகத் தாண்டி, மேசை விளிம்பில் இறங்கி, கதவுக்கு அடியில் போனது.

அவள் கதவைத் திறந்து நடைவழியில் போனாள். இழை முழங்கால் உயரத்தில் விறைப்பாக நின்றது. உடை மாற்றும் அறைக்குள் நுழைந்து அவளுடைய மேலங்கி தொங்கும் கொக்கியைச் சுற்றிக்கொண்டு, பின்வாசல் இடுக்கு வழியாக வெளியேறி, தெருவிளக்கின் கீழே ஒரு முறை மினுங்கி, இடப்பக்கம் திரும்பியது. அவள் தினமும் வீட்டுக்குப் போகும் வழி அது.

கொக்கிக்குப் பக்கத்தில் பசை உருளை தொங்கியது. வெளியே போகும்முன் அதை உடையெல்லாம் உருட்டி, ஒட்டியிருக்கும் இழைத்துணுக்குகளை எடுத்துவிட வேண்டும் என்பது அங்கே முதல் விதி. முந்தாநாள் அவள் அதைத் தொடவில்லை. பள்ளிப் படிக்கட்டில் வாலு விழுந்துவிட்டாள் என்று போன் வந்தது, போட்டது போட்டபடி ஓடினாள். நெற்றியில் சின்ன வீக்கம்தான். ஆனாலும் குழந்தை அவள் கைமேல் முகத்தை அழுத்தி, சட்டைக் கையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். இடது கன்னம்தான் கைமேல் பதிந்திருந்தது.

காட்டின் ஓரத்தில் முனையை ஒட்டவைத்து மெல்ல இழுத்தால் போதும்.

அவள் உடனே கணவனுக்குப் போன் செய்தாள்.

"வாலு என்ன பண்றா?"

"கட்டில்ல உருண்டு சிரிச்சுக்கிட்டு இருக்கா. கன்னம் கூசுதாம். டாக்டர் ஏதோ களிம்பு எழுதிக் குடுத்தாரு, அதைத் தடவினேன், அதனாலதான்னு நினைக்கிறேன். நீ எப்ப வர்ற?"

"இதோ வந்துட்டேன். அவ பக்கத்துலயே இருங்க."

ஓடிவந்து இயந்திரத்தை நிறுத்தினாள். பாபின் நின்றது. கத்தரிக்கோலை எடுத்து இழைக்கு இரண்டு பக்கமும் விரித்து வைத்தாள். வெட்டவில்லை. பாதியில் அறுந்த காடு என்னவாகும் என்று அவளுக்குத் தெரியும், எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். மிச்சம் நிற்பதெல்லாம் அப்படியே சாய்ந்து படுத்துவிடும். பிறகு எழுந்து நிற்காது. யாராலும் நிமிர்த்த முடியாது. அந்தத் தட்டைக் குப்பையில்தான் போடுவார்கள்.

என் பிள்ளையை அறுக்க மாட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னாள். எடுத்தது எல்லாம் இந்தப் பாபினில்தான் இருக்கிறது. மச்சம், ரேகை, எல்லாம். அறாமல் அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் ஏதாவது வழி கிடைக்கும். உலைக்காரரைக் கேட்டால் தெரியும். இழுத்த காட்டைத் திரும்ப நட முடியாது என்று அவரே ஒருநாள் சொன்னது நினைவுக்கு வந்தது, அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

பாபினை அச்சிலிருந்து கழற்றி இடது கையில் பிடித்து, வலது கையால் சுற்றிக்கொண்டே நடந்தாள். வேறு வழியில்லை. முன்னால் நடக்க நடக்க இழை தொய்யும். தொய்ந்தால் சுருண்டு முடிச்சு விழும், முடிச்சு விழுந்தால் அறும். இழை தளரக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்று கற்றதும், பிறகு வந்த எல்லோருக்கும் அவளே சொல்லித் தந்ததும் அதுதான்.

தெருவில் ஆட்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். ஒரு பெண் காற்றில் எதையோ சுற்றிக்கொண்டு போவதை ஒருவர் நின்று பார்த்தார். கடைகளின் வெளிச்சத்தில் இழை தெரிந்தது, இருட்டில் மறைந்தது, விரலுக்கு மட்டும் எப்போதும் தெரிந்தது. விரலுக்கு அதன் விறைப்பு நன்றாக இருந்தது. அப்படி ஒரு சீரான இழை அவள் கைக்கு வந்ததே இல்லை, எங்கும் தடிக்காமல், எங்கும் மெலியாமல். அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

பையில் போன் அடித்தது. இரண்டு கையும் வேலையில் இருந்தன. அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது. கணவன்தான், எங்கே இருக்கிறாய் என்று கேட்பான், வந்துவிட்டேன் என்று நேரிலேயே சொல்லிக்கொள்ளலாம். மறுபடி அடித்தது. விடாமல் அடித்தது. அவள் நடையை எட்டிப் போட்டாள், கையும் கூடவே வேகமெடுத்தது.

பெரிய சாலையில் சிவப்பு விளக்கு விழுந்தது. வண்டிகள் பாய்ந்தன. அவள் ஓரத்தில் நின்றாள்.

நின்று பச்சை விளக்குக்காகக் காத்திருந்தாள். பையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. வண்டிகளின் சக்கரங்களுக்கு மேலே, சாலைக்குக் குறுக்கே, இழை நேராக நின்றது. அவள் பாபினைப் பார்த்தாள். கிளம்பும்போது உள்ளங்கைக்குள் அடங்கியது. இப்போது விரல்கள் சுற்றி வளைக்க முடியாத அளவுக்குப் பருத்திருந்தது. அவள் நடந்த தூரத்துக்கு இவ்வளவு நூல் கிடையாது.

அவள் நின்றுகொண்டிருந்தாள்.

கை சுற்றிக்கொண்டிருந்தது.

நிறுத்து என்றாள். நிற்கவில்லை. பாபினைக் கீழே போடப் பார்த்தாள். விரல் பிரியவில்லை. வலது மணிக்கட்டு, பழகிய அதே வேகத்தில், அதே அளவான இழுப்பில், ஒரு இம்மிகூடத் தளராமல் சுற்றியது. நல்ல கை. ராசியான கை. பாதியில் அறுக்காத கை.

விளக்கு மாறும்முன்னே சாலையில் இறங்கி ஓடினாள். யாரோ கத்தினார்கள். ஹாரன். திருப்பம். மருந்துக்கடை. சந்து. மாடிப்படி. கை நிற்கவில்லை.

கணவன் வாசலில் நின்றான். கையில் போன் இருந்தது. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"போனை எடுக்க மாட்டியா? உள்ள போகாத. வேண்டாம். பாக்காத."

அவனைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள்.

நூலறையின் வாசனை. உறுமல் இல்லை. சிரிப்பும் இல்லை.

வாலு கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். பூப்போட்ட சட்டை. காலடிச் சத்தம் கேட்ட திசைக்கு முகத்தைத் திருப்பினாள். முகம் இருந்த இடம். முகவாயிலிருந்து நெற்றிவரை மேடு பள்ளம் எதுவும் இல்லை, தீர்ந்த தட்டைப்போலப் பளபளத்தது. காதோரத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் மிச்சம். அங்கே தோலுக்கும் பளபளப்புக்கும் நடுவே ஒரு மெல்லிய கோடு, மெதுவாக, சீராக, பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

அந்தப் பளபளப்பில் வாசல் விளக்கு தெரிந்தது. அவள் தெரிந்தாள். வாயைத் திறந்திருந்தாள், பல்கூடத் தெரிந்தது.

குழந்தை இரண்டு கைகளையும் நீட்டினாள், தூக்கச் சொல்லி. விழுந்து அடிபட்ட அன்றைக்கு நீட்டியதுபோலவே.

அவள் தூக்கிக்கொண்டாள். குழந்தையிடம் கனமே இல்லை. குளிர்ந்த வழுவழுப்பு அவள் தோளில் பதிந்தது, சின்ன விரல்கள் அவளுடைய சட்டைக் கையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டன. "அம்மா வந்துட்டேன்டா, அம்மா வந்துட்டேன்" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

குழந்தையின் முதுகுக்குப் பின்னால், அவள் கையில், பாபின் சுற்றிக்கொண்டிருந்தது.