நடுத்தூண்

இரண்டாவது அடியிலேயே ஆணி தலை வரை உள்ளே போய்விட்டது. கூடவே முறம் அகலத்துக்குப் பூச்சும் பெயர்ந்து ஆதிகேசவனின் கால் கட்டைவிரல்மேல் விழுந்தது. ஊர்க் கட்டடங்களுக்கெல்லாம் 'உறுதியானது' என்று கையெழுத்துப் போடும் ஓவர்சியர், காலண்டர் மாட்டப் போய்ச் சொந்தக் கூடத்துத் தூணை உடைத்துவிட்டு ஒற்றைக் காலில் குதித்தார். மனைவி கௌரியம்மாள் அரக்கோணம் போயிருந்ததால் மானம் தப்பியது.

திருத்தணியின் முதல் நாலு மாடிக் குடியிருப்பு. சான்று கொடுத்தவரும் அவரே, கீழ்வீட்டுக்கு முதலில் குடிவந்தவரும் அவரே. தலைக்கு மேல் பதினொரு குடும்பங்கள். எல்லாவற்றையும் தாங்குவது, இரண்டு பேர் கைகோத்தாலும் அடங்காத இந்த நடுத்தூண்.

உடைந்த இடத்தில் கம்பி தெரியவேண்டும். முடி தெரிந்தது.

இழுத்தார். வந்தது. ஒரு முழம், இரண்டு முழம். சாக்கடை அடைப்பை எடுக்கிற மாதிரி கொழகொழவென்று, சிக்குப்பிடித்த எண்ணெயும் ஊசிப்போன சோறும் கலந்த வாடையோடு. வேட்டியில் துடைத்தார். வாடை விரலிலேயே நின்றது.

கட்டடத்தைக் கட்டிய கான்ட்ராக்டர் பரந்தாமனைக் கூப்பிட்டு வந்து காட்டினார்.

"அட, இன்னா சார் நீங்க! மலைக்கு வர்றவன் பூரா மொட்டை அடிச்சிகினு போறான். காத்துல வந்து மணல்ல கலந்திருக்கும். பூசி வுட்டா சரியாப்பூடும்."

"தூணு நிக்குமாய்யா?"

"சான்று குடுத்தது நீங்க. என்னைக் கேக்கறீங்களே!"

நல்ல வேடிக்கைதான். ஆதிகேசவனும் சிரித்தார். விரலை இன்னொரு தரம் வேட்டியில் துடைத்தார்.

பூசினார்கள். சாயங்காலம் மழை பிடித்தது, மின்சாரம் போனது. அரிக்கேன் விளக்கடியில் தயிர்சாதத்தை வாயில் வைத்தவருக்கு நாக்கில் ஏதோ நெருடியது. முடி. இழுத்தார், தொண்டைக்குள்ளிருந்து வழுக்கி வந்தது, வந்துகொண்டே இருந்தது, குமட்டலில் கண் பிதுங்கியது. மறுமுனை தட்டில் இல்லை. தரையோடு ஓடி, தூணுக்குள் போயிருந்தது.

மேலே பிள்ளைகள் ஓடினார்கள். தொம். தொம். ஒவ்வொரு தொம்முக்கும் தூண் முனகியது. பாரம் தூக்குகிறவள்போல.

ஈரப் பூச்சு உப்பியது.

அடங்கியது.

மறுபடி உப்பியது.

வாசலில் கோவிந்தம்மாள் நின்றாள். கட்டும்போது இங்கே சித்தாள்; இப்போது படிக்கட்டு பெருக்குகிறவள்.

"உள்ள இன்னா கீது? மழுப்பாம சொல்லு" என்றார் ஆதிகேசவன்.

"என் தங்கச்சி சந்திரா, சார். கான்கிரீட்டு கொட்டிகினு இருந்தப்போ தூணோட பலகைப் பெட்டிக்குள்ள வுழுந்துட்டா. கம்பி போட்டிருந்தா அதுல மாட்டியாச்சும் நின்னிருப்பா. நிறுத்துங்கன்னு கத்தினோம். 'ஓவர்சியர் வந்து கீறாரு, கொட்டு'ன்னாரு பரந்தாமன். அவ எவன்கூடவோ ஓடிப்பூட்டான்னு ஊரெல்லாம் சொல்லிட்டாரு."

"நான்... அன்னிக்கி..."

"ஜீப்பை வுட்டு எறங்கல. மடியில வச்சே கையெழுத்து போட்டீங்க."

மணிக்கட்டில் ஜில்லென்றது. பார்த்தார். முடி மூன்று சுற்று. இழுத்தது. தோள் தூணில் மோதியது. சொதசொதப்பு. முழங்கைவரை கை உள்ளே. தூணுக்குள்ளிருந்து வேறொரு கை அவர் விரல்களைத் தடவிப் பிடித்தது.

"மேல குழந்தைங்க கீது, கோவிந்தம்மா! தூணு நிக்குமா?"

"நிக்கும் சார். இத்தினி நாளும் அவதான் தாங்கிகினு கீறா. பாரம் வலிச்சா சித்தாளுக்குக் கை மாத்த ஒரு ஆளு வரணும் இல்ல? உங்களத்தான் கேட்டுகினு இருந்தா."