ஜன்னல் சீட்டு லூர்துவுக்கு

மலைக்கிராமமான செம்மநத்தத்தில் யாரும் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை. சேலம் எவ்வளவு தூரம் என்று கேட்டால், "பஸ்ஸுல ரெண்டு மணி நேரமுங்க" என்பார்கள்.

அதில்தான் சிக்கல் வந்தது.

1986-இல், எஸ்டேட் மெக்கானிக் ஜேசுதாஸுக்குப் பம்பாயில் வேலை கிடைத்தது. கம்பெனியே விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தது. கிளம்பும்போது சின்ன மகள் லூர்து அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அழுவாத கண்ணு. மெட்ராஸுல ஏரோப்ளேன் ஏறுனா பம்பாய் ரெண்டே மணி நேரந்தான்."

லூர்து அழுகையை நிறுத்தினாள். ரெண்டு மணி நேரமா? அப்படியானால் சேலம் மாதிரிதான். சேலத்தில் வேலை பார்ப்பவர்கள் சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வந்துவிடுவார்களே!

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் அவள் பஸ் நிற்கும் இடத்துக் கல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அவளை வீட்டுக்கு அழைத்துவருவது அக்கா தேவகுமாரியின் வேலை.

பஸ் வரும். யார் யாருடைய அப்பாக்களோ இறங்குவார்கள். அப்பா வரமாட்டார் என்று தேவகுமாரிக்குத் தெரியும். ஆனாலும் கடைசி ஆள் இறங்கும்வரை அவளும் படிக்கட்டையே பார்ப்பாள்.

ஒரு சனிக்கிழமை லூர்து துணிப்பையுடன் வந்தாள். எல்லாரும் இறங்கியதும், சேலம் திரும்பும் பஸ்ஸில் மற்றவர்களோடு அவளும் ஏறினாள்.

"எங்க கண்ணு?" என்றார் கண்டக்டர் பெருமாள்.

"பம்பாய்க்குங்க."

"முழு டிக்கெட்டா, அரை டிக்கெட்டா?"

பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். லூர்து சிரிக்கவில்லை. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

தேவகுமாரி ஓடி வந்தாள். "எறங்கு லூர்து. பம்பாய் நொம்ப தூரம்."

"பொய்! ரெண்டு மணி நேரம்னு அப்பாவே சொன்னாரு."

"அது ஏரோப்ளேன்ல. பஸ்ஸுலயும் ரயில்லயும் போனா நாள் கணக்குல ஆவும்."

லூர்து அக்காவைப் பார்த்தாள். "அப்ப, அப்பா நெசமாவே தூரமாப் போயிட்டாராக்கா?"

நாள் கணக்கு என்று சொன்னதும் தேவகுமாரிக்கே அப்பா இன்னும் தள்ளிப் போய்விட்டதுபோல இருந்தது.

"வண்டி எடுக்கோணும் சாமி," என்றார் பெருமாள்.

தேவகுமாரி திரும்பிக் கல் பெஞ்சைப் பார்த்தாள்.

"லூர்து, இந்த பஸ்ஸு பம்பாய் போவாது. அங்க பாரு, ஏரோப்ளேன் நிக்குது."

"அது பெஞ்சு."

"ஜன்னல் சீட்டு உனக்கு."

லூர்து யோசித்தாள். பிறகு கம்பியை விட்டாள்.

பஸ் போய்விட்டது. இருவரும் பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்தார்கள். பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்தது. முதலில் சாலை மறைந்தது. பிறகு சில்வர் ஓக் மரங்கள் மறைந்தன.

"கீழ என்ன தெரியுது?" என்றாள் தேவகுமாரி.

"ஒண்ணுமே தெரியலக்கா."

"அப்ப நொம்ப மேல வந்துட்டோம்."

பனிக்குள்ளிருந்து அம்மா வந்தாள். காப்பித் தோட்டத்து வேலை முடிந்து, கூடையோடு வந்துகொண்டிருந்தாள்.

"ஊட்டுக்குப் போவாம இங்க என்ன பண்றீங்க?"

"பம்பாய் போயிட்டிருக்கோம்மா," என்றாள் லூர்து. "அப்பாவப் பாக்க."

அம்மா பனியைப் பார்த்தாள். பிறகு கூடையைக் கீழே வைத்தாள்.

"எனக்கு எடம் இருக்குதா?"

லூர்து நகர்ந்து இடம் விட்டாள்.

"இருக்குதும்மா. ஜன்னல் சீட்டு மட்டும் கேக்கக் கூடாது."