ஆழ்ந்த இரங்கல், அண்ணே

கள்ளக்குறிச்சி மாவட்டப் பொதுமக்களுக்கும், கல்வராயன் மலையின் மேலேயும் கீழேயும் வாழும் சகல ஜீவராசிகளுக்கும் இதனால் தெரிவிக்கப்படுவது என்னவென்றால்: இன்று ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முதல் ‘கரும்புச்சக்கை’ வலைப்பூ உலகத்துக்குத் திறந்துவிடப்பட்டது. இனி யார் வேண்டுமானாலும் தங்கள் முகநூல் கணக்கிலிருந்தே அதில் கருத்துச் சொல்லலாம். ஒரே தட்டலில் வாட்ஸ்அப்பில் பகிரலாம். சரித்திரம் இந்த நாளைக் குறித்துக்கொள்ளட்டும்.

சரித்திரத்துக்கு வேறு வேலை இருந்தது. முதல் கருத்து வந்தபோது வலைப்பூவின் நிறுவனரும் ஆசிரியரும் ஒரே ஊழியருமான தனசேகரன், ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு மோர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடது கையால் போனைத் திருப்பிப் பார்த்தார்.

‘ஆழ்ந்த இரங்கல்.’

கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங் சென்டர் வைத்திருப்பவர் அவர். பகலெல்லாம் ஊரார் மனுக்களை அடித்துக்கொடுப்பார். பொழுது சாய்ந்ததும் ஊர்ப் பெரிய மனிதர்களை வலைப்பூவில் வைத்துக் கிழிப்பார். யார் எந்த முச்சந்தியில் தன் முகத்தைப் போட்டு பேனர் கட்டினாலும் மறுநாள் கரும்புச்சக்கையில் அந்த முகம் சாறு பிழியப்பட்டிருக்கும். யாரோ ஒரு பெரிய மனிதர் பழி தீர்க்கிறார் என்று எண்ணி அடுத்த கவளத்தை எடுத்தார். அதை விழுங்குவதற்குள் கும்பிடும் கைகள் வரிசையாக வந்துவிட்டன. ‘கண்ணீர் அஞ்சலி.’ ‘ஈடு செய்ய முடியாத இழப்பு.’ ‘நேத்துதான்யா பேசினார்.’

கையைக் கழுவிவிட்டு, பகிரப்பட்ட பதிவைத் திறந்து பார்த்தார். அவருடைய படம். அதற்கு இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு.

முகநூலை வலைப்பூவோடு இணைத்துக் கொடுத்தது பிளக்ஸ் கடை தமிழரசன். அவனைக் கூப்பிட்டார்.

“தமிழு, இன்னாடா பண்ணி வெச்சிருக்க?”

“இன்னாண்ணே, கமெண்ட்டு வரலியா?”

“ஜாஸ்தியாவே வருது. எல்லாம் இரங்கலு. என் போட்டோவுக்குக் குத்துவெளக்கு யாருடா வெக்கச் சொன்னது?”

“சும்மா ஷேர் பண்ணா மொட்டையா தெரியுதுண்ணே. கடையில மூணு டிசைன்தான் கீது. பொறந்த நாளுக்கு பலூனு, மஞ்ச நீராட்டுக்கு மயிலு. உங்க வயசுக்கு மயிலு வெக்க முடியுமா?”

“கீழ நான் எழுதினத எவனும் படிக்க மாட்டானா?”

“யாருண்ணே படிக்கறாங்க? வெளக்கப் பாத்தா இரங்கலு, பலூனப் பாத்தா வாழ்த்து. போன வெய்யிங்க, பலூனா மாத்திடறேன்.”

தனசேகரன் சிரித்துவிட்டார். நாளைக்கு எழுத விஷயம் கிடைத்துவிட்டது. ஒவ்வொரு இரங்கலுக்கும் கீழே, ‘நான் உயிரோடுதான் இருக்கிறேன். மோர்சோறு சாப்பிட்டேன்’ என்று பதில் போட்டார். உடனே பதிலுக்குப் பதில் வந்தது: ‘முன்னாடியே எழுதி வெச்சிட்டுப் போயிருக்காரு பாருங்க. கடேசி வரைக்கும் நக்கல்.’ அதற்கு ஏகப்பட்ட லைக்.

மலைப் பக்கமிருந்து மேகம் இறங்கி வந்து கச்சிராயபாளையம் சாலையின் மேல் குந்திக்கொண்டது. பிற்பகலாகவே இருந்தும் சமையற்கட்டில் விளக்குப் போட வேண்டியதாயிற்று. ஈர மண் வாசனையும் எங்கோ கரும்பு லாரி சிந்திவிட்டுப் போன புளித்த இனிப்பு வாசனையும் ஜன்னல் வழியே வந்து, அவற்றுக்கு அடியில், யாரோ ரகசியமாகக் கலந்துவிட்டதுபோல, மெல்லிசாகப் பன்னீர் வாசனையும் வந்தது. மனைவி மணிமொழி ஒரு காதுகுத்துக்காகத் திருநாவலூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் பன்னீர் தெளிக்க ஆள் இல்லை. சமையற்கட்டில் இருந்தபடியே முன்கதவு தெரிந்தது. தாழ் போட்டபடியே இருந்தது.

தமிழரசன் மறுபடி கூப்பிட்டான். குரலில் பழைய துள்ளல் இல்லை.

“அண்ணே, பலூன் வெச்சிட்டேன். ஆனா இரங்கலு நிக்கல. அழிச்சிக்கினே இருக்கேன், அழிக்க அழிக்க வருது. நீங்க வூட்லதான இருக்கீங்க?”

“பின்ன எங்க இருப்பேன்?”

“இல்ல, கோகிலவாணி டீச்சர் நேர்ல வந்து பாத்துட்டுப் போனதா போட்டுக்கீறாங்க. அதான் கேட்டேன்.”

கோகிலவாணி டீச்சர் அடுத்த தெரு. பொய் சொல்கிற ஆள் இல்லை. அவர் எழுதியிருந்தார்: ‘பார்த்துவிட்டு வந்தேன். தூங்குவதுபோல இருக்கிறார். சிரித்த முகம்.’

தனசேகரன் போட்டோவுக்குக்கூடச் சிரிக்காதவர். அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகள்தான் அவரை உட்காரவிடவில்லை. கீழே இன்னும் வந்தன. ‘நானும் பார்த்தேன்.’ ‘மாலை போட்டுட்டு இப்பதான் கெளம்பறோம்.’ ‘அண்ணி வந்துக்கினு இருக்காங்களாம், பாவம்.’

அண்ணி. மணிமொழிக்குச் செய்தி போய்விட்டது.

அதுவரை ஊரைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. ஊர் சாகடித்தால் செத்துவிட அவர் என்ன பொன்னாடைக்குக் காத்திருக்கிற ஆளா? ஆனால் அவள் பஸ்ஸில் அழுதுகொண்டே வருவாள். அவளிடம் சொல்லியாக வேண்டும். அவளிடம் மட்டும்.

போனை முகத்துக்கு நேரே பிடித்தார். திறக்கவில்லை. முகம் பொருந்தவில்லை என்றது. கண்ணாடியைக் கழற்றினார். பொருந்தவில்லை. விளக்குக்கு அடியில் நின்றார். பொருந்தவில்லை. கடைசியில் எண்ணைத் தட்டித் திறந்து அவளைக் கூப்பிட்டார்.

“மணி, நான்தான். எனக்கு ஒண்ணும் ஆவல. அழாத.”

பஸ் ஹாரன். அவள் மூச்சு.

“யாருங்க? யாருங்க பேசறது?”

“நான்தான் மணி. நான்தான்.”

“அக்கா, அவரு போன்லேர்ந்து யாரோ கூப்புடறாங்கக்கா. வாயே தொறக்க மாட்றாங்க. ஏதோ மிஷினு ஓடற சத்தந்தான் கேக்குது.”

இணைப்பு அறுந்தது. தனசேகரன் போனை இறக்கினார்.

அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டது.

தாழ்ந்த, விடாத முனகல். போனிலிருந்து இல்லை. கூடத்திலிருந்து.

கால் நடுங்கியது. நடுங்குகிறதே என்று சந்தோஷப்பட்டார். செத்தவனுக்குப் பயம் எதற்கு? எனக்குப் பயமாக இருக்கிறது, ஆகவே நான் சாகவில்லை. கோர்ட்டில்கூட இந்த வாதம் நிற்கும். அந்தத் தெம்பில் கூடத்துக்கு நடந்தார்.

நாற்காலிகள் எல்லாம் சுவரோரம் ஒதுங்கியிருந்தன. அவர் ஒதுக்கவில்லை. நடுவில் ஐஸ் பெட்டி. சாவு வீட்டுக்கு வாடகைக்கு வருமே, அதே பெட்டி. கண்ணாடி மூடி மேல் ரோஜா மாலைகள். உள்பக்கம் பனி படர்ந்திருந்தது. உள்ளங்கையால் மேலே துடைத்தார். பனி உள்ளேதான் இருந்தது. ஆனாலும் விலகியது.

உள்ளிருந்து யாரோ துடைத்ததுபோல.

வெள்ளை வேட்டி. வெள்ளைச் சட்டை. நெற்றியில் நாணயம். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி. அவருடைய மூக்கு. அவருடைய மச்சம். அவரிடம் என்றுமே இல்லாத சிரிப்பு. முச்சந்தி பேனர்களில் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

“சிரிக்காதடா” என்றார் தனசேகரன்.

ஒயரைப் பிடித்து இழுத்தார். அது கையோடு வந்தது. சுவரில் செருகியே இருக்கவில்லை. பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே கேட் கிறீச்சிட்டது. செருப்புகள் கழற்றப்படும் சத்தம். பல செருப்புகள்.

ஒளிய மாட்டேன் என்று முடிவு செய்தார். தாழை அவரே திறந்தார். இரண்டு கையையும் விரித்து நிலைப்படியை அடைத்து நின்றார்.

“எவனும் உள்ள வரக் கூடாது. இது என் வூடு. நான் சாகல. எவன் சொன்னாலும் சாகல!”

முதலில் தமிழரசன். கண் சிவந்திருந்தது. கையில் மாலை. அந்த ஈரப் பூ அவர் தாடையில் உரசியது. தோளைக் கொஞ்சம் குறுக்கிக்கொண்டான், குளிர் அடித்தவன்போல. உள்ளே போய்விட்டான். கோகிலவாணி டீச்சர் வந்தார். தோளைக் குறுக்கினார். போனார். ஒவ்வொருவராக. அவருடைய கைகள் விரித்தபடியே இருந்தன. யாரும் அவற்றில் இடிக்கவில்லை.

கடைசியாக மணிமொழி. மழையில் நனைந்திருந்தாள். அக்காவின் பிடியை உதறிவிட்டு வந்தவள், அவருக்கு எதிரே வந்ததும் நின்றாள்.

நின்றாள்.

“மணி. இங்க பாரு. என்னப் பாரு.”

அவள் நிமிர்ந்தாள். உதடு அசைந்தது. அவர் கண்ணுக்கு நேராக அவள் கண்.

முதுகுக்குப் பின்னால் கண்ணாடி மூடி நகர்கிற சத்தம்.

“வா மணி. மழையிலயா வந்த?”

அவருடைய குரல்தான். இன்னும் கொஞ்சம் கனிவாக.

மணிமொழியின் அழுகை நின்றது. அவள் பார்வை அவர் தோளைத் தாண்டிப் போனது. முகம் மலர்ந்தது. அவர் கைக்கு அடியில் அவள் குனியக்கூட இல்லை. போய்விட்டாள்.

உள்ளே ஒரே கூச்சல். “அண்ணன் எழுந்துட்டாருப்பா!” கைத்தட்டல். போன்கள் உயர்ந்தன. ஒவ்வொரு போனிலும் அது பெட்டிக்குள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. தாடைத் துணியை அவிழ்த்தது. ஒவ்வொரு பக்கமும் திரும்பிக் கும்பிட்டது. “உங்கள் பேரன்புக்கு என்றும் கடமைப்பட்டவன்” என்றது. மணிமொழி அதன் தோளில் சாய்ந்திருந்தாள். அதன் விரல்கள் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தன. நகங்கள் நீலமாக இருந்தன.

பிறகு அது எல்லாத் தலைகளுக்கும் மேலாக வாசலைப் பார்த்தது. அவரை. அவரை மட்டும். சிரிப்பு மாறாமல் மெல்லத் தலையை ஆட்டியது, புறப்படுகிற விருந்தாளிக்கு விடை கொடுப்பதுபோல.

“போவ மாட்டேன்” என்றார் தனசேகரன். கையை இறக்கவில்லை. மழை அவர் மேல் விழாமல் அவர் வழியாக விழுந்தது. “போவ மாட்டேன்டா.”

அன்று வந்தவர்களுக்கு டீ போதவில்லை.