வரச் சொன்னவள்

மழை விட்டிருந்தது. பாக்கார் ஆராங் தெருவில் யாரோ நடந்து வரும் சத்தம் மோகனாவுக்குக் கேட்டது. ஆனால் அது நடை மாதிரி இல்லை. ஒரு கால் மாற்றி ஒரு கால் வைக்கும் சத்தமாக இல்லாமல், இரண்டு காலும் ஒன்றாக விழுந்து, கொஞ்சம் இடைவெளி விட்டு, மறுபடியும் ஒன்றாகவே விழுந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தேங்கிய தண்ணீரில் குதித்து விளையாடுகிறார்கள் என்று நினைத்து அவள் சோபாவில் சாய்ந்துகொண்டாள்.

பக்கத்துத் தொழுகைக்கூடமான சுராவில் அந்திநேர மக்ரிப் பாங்கு அப்போதுதான் முடிந்திருந்தது. சாம்பிராணியும் வாடிய மாலையும் கலந்த வாடை வீட்டை விட்டு இன்னும் போகவில்லை. புருஷன் காளிதாசனை அடக்கம் செய்துவிட்டார்கள், காரியம் இன்னும் முடியவில்லை. மகள் ரூபினி தரையில் படுத்துக் கலர் அடித்துக்கொண்டிருந்தாள். தெரு விளக்கின் மஞ்சள் வெளிச்சம் ஜன்னல் கிரில் கம்பிகளின் நிழலை அவள் முதுகில் கோடுகோடாகப் போட்டிருந்தது.

மோகனாவின் கையில் காளிதாசனின் போன். வெள்ளிக்கிழமை தவறாமல் அவர் பார்த்த ‘மண் தின்னாத ஊர்’ என்ற ஸோம்பி தொடருக்கு ரசிகர் குழு ஒன்று இருந்தது. அந்தத் தொடரில் பிணங்கள் ஒரு கம்பத்துக்குள், சின்னக் கிராமத்துக்குள், வரும். கதவு விரியத் திறந்து கிடக்கும் வீடுகளையெல்லாம் தாண்டிப்போய், பூட்டிய ஒரே ஒரு வீட்டின் முன் நிற்கும். ஏன் என்று தொடரை எடுத்தவர்கள் கடைசிவரை சொல்லவில்லை. ரத்த வாடை என்றான் சுங்கைப் பட்டாணியில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் ஐமன். விளக்கு வெளிச்சம் என்றான் இன்னொருவன். “செத்தவனுக்குத்தான் வேல இல்ல, உங்களுக்குமா இல்ல?” என்று மோகனா கிண்டல் செய்வாள்.

காளிதாசன் கடைசியாக அனுப்பிய குரல் பதிவை ஐமன் இன்று நினைவுக்காக மறுபடி போட்டிருந்தான். அவள் அழுத்தினாள். முறுக்கு மெல்லும் சத்தத்தோடு அவர் பேசினார்.

“டேய், வாடையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்லடா. பொணத்துக்குச் சொந்தப் புத்தி ஏது? வீட்ட விட்டுப் போறப்ப யாரோ அத வரச் சொல்லிட்டாங்க லா. சொன்ன வீட்டுக்குத்தான் வருது.”

மோகனா அதை மறுபடி அழுத்திக் கேட்டாள்.

சாவு வீட்டில் யாரும் ‘வரேன்’ என்று சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். அது அவளுக்குத் தெரியாததா? ஆனால் பெட்டியைத் தூக்கியபோது, தினமும் காலையில் கேட் அருகே நின்று சொல்கிற மாதிரி, “போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டாள். “என்ன அண்ணி சொல்லிட்டீங்க!” என்று நாத்தனார் லக்ஷ்மி அவள் வாயைப் பொத்தினாள். நாக்குப் பழக்கம் என்று மோகனா மனசைத் தேற்றிக்கொண்டாள். உண்மையில் அவர் வரமாட்டாரா என்றுதான் அவள் ஏங்கினாள். பிள்ளையையும் வைத்துக்கொண்டு அவர் இல்லாமல் எப்படி என்று தெரியவில்லை.

தெருவில் அந்தச் சத்தம் நெருங்கிவிட்டது. தொப். தொப்.

இரண்டு காலும் ஒன்றாக. கட்டிப்போட்டது போல.

அவள் லக்ஷ்மியின் புருஷன் குழந்தைவேலுவைக் கூப்பிட்டாள். பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. அங்கே நடந்தது அவருக்குத்தான் தெரியும்.

“அண்ணே, பெட்டிய மூடறதுக்கு முன்னாடி அவரு கால் கட்ட அவுத்தீங்களா?”

“சரியான மழைலா தங்கச்சி. அவசரத்துல... வேற யாராச்சும் அவுத்திருப்பாங்க. ஏன்?”

அவள் போனை வைத்துவிட்டாள்.

எதிரே இருந்த சீனர் வீடு விரியத் திறந்து கிடந்தது. சத்தம் அதைத் தாண்டியது. மூலை வீட்டையும் தாண்டியது. அவள் வீட்டு கேட் கிறீச்சிட்டது. ஈர மண் வாடை. அதற்குள்ளே பன்னீர் வாடை. ரூபினியைத் தூக்கிக்கொண்டு பின் கதவு வழியாக ஓடிவிட வேண்டும். வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

திரும்பினாள்.

தரையில் கலர் பென்சில்கள் மட்டும் கிடந்தன.

வாசல் கதவு திறந்திருந்தது. வெளிக் கிரில் கதவு பூட்டியபடிதான் இருந்தது. ரூபினி கம்பிகளுக்கு நடுவே ஒரு கையைத் தோள்வரை வெளியே நீட்டி, உள்ளங்கையைக் குழித்துப் பிடித்திருந்தாள். வெளியே நின்ற உருவம் அவள் மேல் குனிந்திருந்தது.

“ரூபினி... இங்க வா.”

“மா, அப்பா வாயி நெறைய என்னமோ இருக்குமா. அதான் பேச முடியல.”

பிள்ளையின் உள்ளங்கையில் ஈரமான பச்சரிசி விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மணியாக. எல்லாரும் வரிசையில் நின்று போட்ட வாய்க்கரிசி. கை நிறைந்ததும் அரிசி விழுவது நின்றது. பிறகு சந்தனம் காய்ந்த ஒரு பெரிய கை வந்து அந்தச் சின்ன விரல்களை அரிசியோடு சேர்த்து மெல்ல மூடியது. மூடிய அந்தப் பெரிய கை பிள்ளையின் கையை விடவில்லை.