கம்பெனி வைத்த அளவு

1998, ஜூன். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனை. காலை பதினொரு மணி.

பிரசவமான சாரம்மாளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. அவளுக்கு வேண்டிய ஓ நெகடிவ் ரத்தம் எங்கும் கையிருப்பில் இல்லை. கொடையாளர்களின் விவரமெல்லாம் கம்ப்யூட்டரில் இருந்தது. கம்ப்யூட்டரோ தேடிக்கொண்டே இருந்தது.

"இவதான் என்னமோ பண்ணிட்டா." மேலாளர் நடராஜ் ஆபரேட்டர் மதுமதியைக் கைகாட்டினார். அவளுக்குக் கண் கலங்கியது.

பேட்டையிலிருந்து விரைந்து வந்த கம்ப்யூட்டர் பொறியாளர் அனுராதா திரையைப் பார்க்கவில்லை. பெட்டியருகே காதைக் கொண்டுபோனாள். உள்ளே ஹார்டு டிஸ்க் கரகரவென்று ஓயாமல் ஓடியது.

"எப்பருந்து இப்படி?"

"திங்கக்கிழமைலருந்துக்கா. அதுக்கு முன்ன ஒரு வருஷமா தட்டுன ஒடனே பேரு வந்திரும்" என்றாள் மதுமதி.

"அன்னைக்கு யாரு தொட்டது?"

"சிவசங்கரன் சார் சர்வீஸுக்கு வந்தாவ. பாஸ்வேர்டும் அவுககிட்டதான் இருக்கு."

கம்ப்யூட்டரை விற்ற சிவசங்கரன் வாசலில் நின்றிருந்தார். "நான் தூசிதான் தட்டுனேன். செட்டிங் எல்லாம் கம்பெனி வச்ச அளவுலயே இருக்கு. மெஷின் பழசாயிட்டு, புதுசு வாங்குங்கன்னு நடராஜ் அண்ணாச்சிகிட்ட அப்பமே சொன்னேன்."

"பாஸ்வேர்டச் சொல்லுங்க."

அவர் தயங்கினார். நடராஜ் முறைத்த பிறகுதான் சொன்னார்.

தேடும் மென்பொருளுக்கு ஒதுக்கியிருந்த நினைவகம் நாலு மெகாபைட், கம்பெனி வைத்து அனுப்பும் அதே அளவு. இயந்திரத்தில் இருந்ததோ அறுபத்து நாலு. அனுராதா ஒதுக்கீட்டை முப்பத்திரண்டாக்கி மறுபடி இயக்கினாள். டிஸ்க் கொஞ்சம் முனகி அடங்கியது. திரையில் பெயர்கள். முதல் பெயர், திருநெல்வேலி டவுன் வைத்தியலிங்கம். மதுமதி தொலைபேசிக்குப் பாய்ந்தாள்.

"பாத்தீங்களா? கம்பெனி அளவுதான இருந்துச்சு?" என்றார் சிவசங்கரன்.

"அதுதான் ஒங்களக் காட்டிக்குடுத்துட்டு" என்றாள் அனுராதா. "அந்த அளவு பத்தாது. ஒவ்வொரு தடவையும் டிஸ்க்லருந்தே படிக்கணும். ஒரு வருஷமா வேகமா ஓடியிருக்குன்னா, புரோகிராம் எழுதினவங்க அளவக் கூட்டி வச்சிருக்காங்க. திங்கக்கிழமை பாஸ்வேர்டு தெரிஞ்ச யாரோ பழையபடி குறைச்சிருக்காங்க. தூசி மட்டும் தட்டுனவருக்கு, நான் திறந்து பாக்கதுக்கு முன்னாலயே உள்ள இருக்க அளவு எப்படித் தெரிஞ்சது?"

சிவசங்கரன் நெற்றியைத் துடைத்தார்.

"மெதுவா ஓடுனா புதுசு வாங்குவீங்கன்னு... இப்படி ஆகும்னு நெனைக்கல."

நடராஜ் மதுமதியின் பக்கம் திரும்பினார். "ஒன்னயப் போயி தப்பா சொல்லிட்டேம்மா" என்றார்.

பன்னிரண்டு மணிக்கு வைத்தியலிங்கத்தின் ரத்தம் சாரம்மாளுக்கு ஏறத் தொடங்கியது. வெகுநேரம் கழித்து டாக்டர் ஞானம்பாள் பிரசவ அறைக் கதவைத் திறந்தார்.

"பொழச்சிக்கிட்டா." நடந்ததைக் கேட்டதும் சிவசங்கரனையே பார்த்தார். "உள்ள வாங்க. அவ முகத்தப் பாத்துட்டுப் போங்க."

சிவசங்கரன் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.